ரத்த ரிப்போர்ட்டில் ஓசிடி தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

குழந்தைகளுக்கு வரும் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோய் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பல, ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ (ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்) என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. லேப் ரிப்போர்ட், சத்து மாத்திரை, இணையத்தில் பார்த்த வீடியோ என்று பெற்றோர் குழம்பிப்போயிருப்பது தெரிகிறது. குழந்தை மனநல மருத்துவரும் சிகிச்சை உளவியலாளரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகனுக்கு 10 வயது. ஆறு மாதமாகக் கை கழுவிக்கொண்டே இருக்கிறான். தோல் வெடித்து ரத்தம் கசிகிறது. உறவினர் சொன்னார் என்று ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேனல்’ எடுத்தோம். ‘எம்.டி.ஏ. அதிகம், டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட் குறைவு’ என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். மூளை துருப்பிடிக்கிறது என்கிறார்கள். இதனால்தான் ஓசிடி வந்ததா?
– ஒரு தாய், மதுரை

உங்கள் மகனின் மூளை துருப்பிடிக்கவில்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு சத்தை எரித்து ஆற்றல் எடுக்கின்றன. அப்போது சிறிதளவு ஆக்சிஜன் அரைகுறையாக மாறி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் தாக்கக்கூடிய வடிவில் வெளியே வரும். ஃப்ரீ ராடிக்கல் என்று கேள்விப்படுவது இந்த வகையைத்தான். இது எல்லோர் உடலிலும் ஒவ்வொரு நிமிடமும் நடக்கிறது. அடக்கிவைக்க குளூட்டதயோன், கேட்டலேஸ், எஸ்.ஓ.டி. என்று உடலிலேயே ஏற்பாடு உண்டு. உற்பத்தி அதிகமாகி, அடக்கும் ஏற்பாடு ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

மூளையை இதில் தனியாகக் கவனிக்கக் காரணம் இருக்கிறது. பெரியவர்களின் உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனிலோ ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. மூளைச் செல்களின் உறையில் எளிதில் கெடக்கூடிய கொழுப்பு அதிகம். டோபமைன் சிதையும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. ஓசிடியில் அதிகமாக இயங்கும் சுற்று, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணியிலிருந்து உள்ளே ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் வழியாகப் போய்த் திரும்புவது. ஸ்ட்ரையேட்டம் டோபமைன் நிறைந்த இடம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இங்கே தேடுவதில் நியாயம் உண்டு. துருக்கியிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகளில், ஓசிடி உள்ள பெரியவர்களின் ரத்தத்தில், கொழுப்பு கெடும்போது உண்டாகும் எம்.டி.ஏ. என்ற பொருள் சராசரியாகக் கூடுதலாக இருந்தது.

‘சராசரியாக’ என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குழுவின் சராசரி கூடுதல் என்றால், ஒவ்வொருவருக்கும் கூடுதல் என்று பொருளில்லை. ஓசிடி இல்லாத பலரின் அளவும் ஓசிடி உள்ள பலரின் அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. எனவே ஒரு தனிக் குழந்தையின் எண்ணைப் பார்த்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல வழியில்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் சில மட்டுமே, அவையும் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான ஆய்வுகளில் ரத்தம் ஒரே ஒரு முறை எடுக்கப்பட்டது. எது முன்னால் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மாதக்கணக்கான பதற்றம், தூக்கமின்மை, சமீபத்திய காய்ச்சல், வீட்டில் யாராவது பிடிக்கும் சிகரெட்டின் புகை ஆகியவையே இந்த அளவுகளை மாற்றும்.

பரிசோதனை நடக்கும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.டி.ஏ.வை அளக்க, பல லேப்களில் சீரத்தோடு (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்ப்பகுதி) தயோபார்பிட்யூரிக் அமிலம் என்ற ரசாயனத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பு நிறத்தின் அடர்த்தியை அளக்கிறார்கள். எண்ணெயும் இறைச்சியும் எவ்வளவு சிக்கு வாடை பிடித்திருக்கின்றன என்று பார்க்க உணவுத் தொழிலில் பயன்படும் அதே சோதனைதான். சிக்கல் என்னவென்றால், அந்த நிறம் எம்.டி.ஏ.வால் மட்டும் வருவதில்லை; சர்க்கரை, பிலிருபின் போன்றவையும் குறுக்கிடும். குழந்தை கையை உதறி, ஊசி சரியாக ஏறாமல் சிவப்பணுக்கள் உடைந்தால், அதிலிருந்து வரும் இரும்பு சோதனைக் குழாயிலேயே கொழுப்பைக் கெடுத்து எண்ணை ஏற்றிவிடும். மாதிரியை உடனே பிரித்து உறையவைக்காமல் வைத்திருந்தாலும் அப்படியே.

‘டோட்டல் ஆன்டிஆக்சிடன்ட்’ கதை வேறு. அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலத்தால் வருவது. சிறுவர்களுக்கு யூரிக் அமிலம் இயல்பாகவே பெரியவர்களைவிடக் குறைவு. பெரியவர்களுக்கான அளவுகோலை 10 வயதுப் பையனுக்கு வைத்தால் ‘குறைவு’ என்றுதான் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும் எல்லை எந்த வயதினருக்கானது என்று பாருங்கள். வயது குறிப்பிடவில்லை என்றால் அந்தச் சிவப்பு எழுத்துக்கு மதிப்பில்லை. இந்தப் பேனலைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

ஓசிடியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. குழந்தையிடமும் பெற்றோரிடமும் விரிவாகப் பேசித்தான் கண்டறிகிறோம். தீவிரத்தை அளக்க சி-ஒய்பாக்ஸ் என்ற 10 கேள்வி அளவுகோல் உண்டு. மொத்தம் 40 மதிப்பெண்; 16 முதல் நடுத்தரம், 24 முதல் தீவிரம். மகனுக்கு இந்த எண் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதை இனி இந்த எண்தான் சொல்லும்.

வெடித்த தோலுக்கு: டெட்டால் போன்ற கிருமிநாசினித் திரவங்களை நிறுத்துங்கள். கழுவிய கையைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் இருக்கும்போதே வாசலின் தடவுங்கள். இரவில் தாராளமாகப் பூசி, மெல்லிய பருத்திக் கையுறை போட்டுவிடலாம். சீழ் வைத்தாலோ வீக்கம் பரவினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியதை அழித்து அழித்து எழுதுகிறாள். தாளில் ஓட்டை விழுகிறது. இது வெறும் சுத்தமா, நோயா?
– ஓர் ஆசிரியை, திருநெல்வேலி

சுத்தமாக எழுதுகிற பிள்ளை எழுதி முடித்ததும் நிம்மதியாக நோட்டை மூடும். ஓசிடி உள்ள பிள்ளைக்கு அந்த நிம்மதி வராது. ‘இன்னும் சரியா வரல’ என்ற உறுத்தல் விடாது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, பாடம் முடிக்க முடியாமல் போகிறதா, தடுத்தால் அளவுக்கு மீறிக் கலங்குகிறாளா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்றிருந்தாலும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

ரப்பரைப் பிடுங்கிவிடாதீர்கள். அவளோடு பேசி, பக்கத்துக்கு மூன்று முறை அழிக்கலாம் என்று தொடங்கி வாரம் ஒன்றாகக் குறையுங்கள். கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வகுப்பின் முன்னால் அவள் நோட்டைத் தூக்கிக் காட்ட வேண்டாம்; பாராட்டியும் கூட.

என்ஏசி என்ற தண்ணீரில் கரையும் மாத்திரை குளூட்டதயோனைக் கூட்டி ஓசிடியைச் சரிசெய்யும் என்று வீடியோ பார்த்தேன். மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. 12 வயது மகளுக்கு எவ்வளவு தரலாம்?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

நீங்களாகத் தர வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் வீடியோவில் சொன்னது முழுப் பொய்யுமில்லை.

என்-அசிட்டைல் சிஸ்டீன் பழைய மருந்து. சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவு மீறி உள்ளே போனவர்களின் கல்லீரலைக் காப்பாற்றவும் பயன்படுகிறது. உடலில் அது சிஸ்டீனாக மாறி, குளூட்டதயோன் செய்யும் மூலப்பொருளாகிறது. மூளையில் குளூட்டமேட் என்ற தூண்டு ரசாயனத்தின் அளவையும் சற்றுத் தணிக்கிறது. ஓசிடியில் இந்த இரண்டாவது வேலைதான் முக்கியமாக இருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

மனிதர்களிடம் சோதித்தபோது என்ன நடந்தது? ஈரானில் 2012இல், மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத பெரியவர்களிடம் 12 வார ஆய்வில் பலன் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2015இல் 44 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்குத் தினம் 3 கிராம் வீதம் 16 வாரம் கொடுத்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் முடிவில் வித்தியாசமில்லை. அதே நாட்டில் 2022இல் வெளியான பெரிய ஆய்வில் 20 வாரம் கொடுத்தும் வித்தியாசமில்லை. குழந்தைகளிடம் இரண்டு சிறிய ஆய்வுகள்: 2017இல் ஈரானில் சிட்டலோபிராம் மருந்துடன் சேர்த்து 10 வாரம் கொடுத்ததில் பலன் தெரிந்தது, 2020இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 11 பிள்ளைகளிடம் செய்த முன்னோட்டத்தில் லேசான நம்பிக்கை தெரிந்தது. 11 பேர் என்றால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். அதை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து சொல்ல முடியாது. இன்னொன்று: முடி பிடுங்கும் பழக்கத்தில் பெரியவர்களுக்கு 2009இல் நன்றாக வேலை செய்த இதே மருந்து, 2013இல் 39 பிள்ளைகளிடம் சோதித்தபோது வெறும் மாத்திரையைத் தாண்டவில்லை. பெரியவர்களுக்குக் கேட்டது குழந்தைகளுக்கும் கேட்கும் என்று கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

ஓசிடிக்கான பேச்சுச் சிகிச்சையை முறையாகச் செய்து, முதல் வரிசை மருந்தைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் தேறாத பிள்ளைக்கு, கூடுதலாக என்ஏசி சேர்த்துப் பார்க்கலாமா என்று மருத்துவர் யோசிப்பதுண்டு. அப்போதும் முடியும் தேதியை முன்பே குறித்துக்கொள்வோம், பொதுவாக 12 வாரம். தொடங்கும் முன் சி-ஒய்பாக்ஸ், முடிவில் சி-ஒய்பாக்ஸ். எண் 35 சதவீதமாவது இறங்க வேண்டும். 24 இருந்தது 15 ஆனால் பலன் உண்டு, 22 ஆனால் நிறுத்திவிடுவோம்.

தொல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கந்தகம் உள்ள மருந்து என்பதால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பல பிள்ளைகள் இரண்டாம் நாளே துப்பிவிடுவார்கள். குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கரையும் மாத்திரைகளில் சோடியம் கணிசமாக இருப்பதால் சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ள பிள்ளைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது.

வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம் எல்லாம் கலந்த ‘ப்ரெய்ன் கம்மி’ என்ற மிட்டாய் தினம் நான்கு தருகிறேன். சத்துதானே, கெடுதல் இல்லையே?
– ஒரு தாய், சேலம்

கெடுதல் வர வாய்ப்புண்டு. பாட்டிலின் பின்புறம் ஒரு கம்மியில் எவ்வளவு என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள். 9 முதல் 13 வயதுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு: வைட்டமின் சி 1,200 மி.கி., வைட்டமின் ஈ 600 மி.கி., துத்தநாகம் 23 மி.கி., செலினியம் 280 மைக்ரோகிராம். 4 முதல் 8 வயதுக்கு துத்தநாகம் 12 மி.கி.தான், செலினியம் 150 மைக்ரோகிராம்தான். வைட்டமின் ஈ தவிர மற்றவற்றில், உணவிலிருந்து வருவதும் இந்தக் கணக்கில் சேரும். செலினியம் மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். துத்தநாகம் மாதக்கணக்கில் மீறினால் செம்புச் சத்து குறைந்து ரத்தசோகை வரும். வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தம் உறைவது தாமதமாகும். ஓசிடிக்குத் தரும் செர்ட்ரலின் வகை மருந்து எடுக்கும் பிள்ளைக்கு இது கூடுதல் கவலை.

ஒரு கொய்யாப்பழமோ ஒரு நெல்லிக்காயோ அன்றைய வைட்டமின் சி தேவையைத் தாண்டித் தந்துவிடும். முருங்கைக்கீரை, வேர்க்கடலை, முட்டை, எள் என்று வீட்டுச் சாப்பாடே போதும். அது உடம்புக்கு நல்லது, ஓசிடிக்கு மருந்தல்ல. கம்மிக்குச் செலவழிக்கும் பணத்தை உளவியலாளரிடம் போகும் செலவுக்கு எடுத்துவையுங்கள்.

“அம்மா, இது பட்டா செத்துப்போக மாட்டேன்ல?” என்று மகள் நாள் முழுக்கக் கேட்கிறாள். “ஒண்ணும் ஆகாதுடா கண்ணு” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். பதில் சொல்லாவிட்டால் அலறுகிறாள். வீட்டில் நாங்கள் என்னதான் செய்வது?
– ஒரு தாய், கரூர்

எல்லாக் கடிதங்களிலும் இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத நினைத்தோம். ஓசிடியில் உண்மையாகவே பலன் தரும் இடம் இதுதான்.

உங்கள் பதில் மகளுக்கு ஐந்து நிமிட நிம்மதி தருகிறது. அந்த நிம்மதியே மறுபடி கேட்கத் தூண்டுகிறது. கழுவுவது, சரிபார்ப்பது, கேட்பது போன்ற சடங்குகள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பயம் தானாக இறங்கும் என்பதை மூளை கற்றுக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. அதைக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாகச் சந்திப்பது, சந்தித்தபின் சடங்கைச் செய்யாமல் இருப்பது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 112 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஈ.ஆர்.பி.யை உள்ளடக்கிய பேச்சுச் சிகிச்சையும் செர்ட்ரலினும் சேர்ந்தபோது 53.6 சதவீதம் பேர் ஏறத்தாழ முழுதாக மீண்டார்கள். பேச்சுச் சிகிச்சை மட்டும் என்றபோது 39.3, மருந்து மட்டும் என்றபோது 21.4, வெறும் மாத்திரைக்கு 3.6. அங்கே சிகிச்சை நடந்தது 12 வாரத்தில் 14 முறை.

உளவியலாளரின் துணையோடு தொடங்குங்கள். வீட்டில் உங்கள் பங்கு இப்படி:

மகளோடு அமர்ந்து, பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஏணி எழுதுங்கள். மதிப்பெண்ணை அவள்தான் போட வேண்டும். ஸ்கூல் பையின் அடிப்பக்கம் தொடுவது 3, வாசல் கதவின் கைப்பிடி 4, செருப்பைத் தொட்டுவிட்டுத் தன் சட்டையைத் தொடுவது 6, பஸ் கம்பியைப் பிடித்த கையோடு முறுக்கு சாப்பிடுவது 8 என்று வரலாம். 3 அல்லது 4இல் ஆரம்பியுங்கள். நல்லெண்ணத்தில் பலரும் 8இல் ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளை பாதியில் ஓடிப்போய்க் கழுவிவிடும். ‘ஓடினால்தான் பிழைப்பேன்’ என்று மூளை அன்றைக்குக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை இரு மடங்கு பயப்படும்.

பையைத் தொடட்டும். இரண்டு உள்ளங்கையும் முழுதாகப் பட வேண்டும், விரல் நுனியால் மட்டும் தொட்டால் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இப்போ எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறும். 3 என்று சொன்னது 5 ஆகும். பதற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தொடங்கிய எண்ணில் பாதிக்கு வரும்வரை இருங்கள். பெரும்பாலும் 20 நிமிடத்திலிருந்து முக்கால் மணிக்குள் இறங்கிவிடும். இந்த நேரத்தில் டிவி, செல்போன் வேண்டாம். கவனம் வேறு பக்கம் போனால் பயத்தோடு இருந்து பழகுவது நடக்காது. ‘ஒண்ணும் ஆகாது’ என்று நீங்கள் சொல்லக் கூடாது, அதுவும் ஒரு சடங்குதான். பாவாடையில் துடைப்பது, மனசுக்குள் முருகா முருகா என்று எண்ணுவது, பிறகு போய் இரட்டிப்பாகக் கழுவுவது ஆகியவை ஒளிந்திருக்கும் சடங்குகள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தவறிக் கழுவிவிட்டால் திட்டாமல், ‘சரி, இன்னொரு தடவை தொடலாம்’ என்று பையிடம் திரும்புங்கள். தினமும் ஒருமுறை. 3 என்பது 1 ஆனபின் அடுத்த படி. கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தொட வைப்பது ஒருநாளும் கூடாது.

கேள்விக்கு வருவோம். அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “இது நீ கேக்குற கேள்வி இல்லம்மா, ஓசிடி கேக்குறது. நாளையிலருந்து இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனா உன் பக்கத்துலயே இருப்பேன்.” பிறகு அவள் கேட்கும்போது அதே வார்த்தைகளை, அதே குரலில், ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் அலறல் கூடும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா சொல்லாததைப் பாட்டி சமையலறையில் ரகசியமாகச் சொல்லிவிட்டால் எல்லாம் வீண். எப்போதாவது பதில் கிடைக்கும் என்று தெரிந்தால் கேட்பது இன்னும் வலுக்கும். ஆகவே தாத்தா, பாட்டி, சித்தப்பா வரை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத் தொடங்குங்கள். ஒரே நாளில் எல்லாச் சடங்கையும் எடுக்க வேண்டாம், ஒவ்வொன்றாக.

வழக்கமான சுத்தம் தொடரும்: சாப்பிடும் முன்னும் கழிவறைக்குப் பின்னும், ஒருமுறை சோப்பு, 20 விநாடி. தீட்டு, மடி பார்க்கும் வீடாக இருந்தால், பெரியவர்களுக்கு உள்ள வழக்கம் என்ன, அதற்கு மேல் பிள்ளை சேர்த்துக்கொண்டது என்ன என்று பிரித்து எழுதுங்கள். சேர்த்துக்கொண்டதுதான் சிகிச்சைக்கு உரியது. வழக்கத்தோடு சண்டை போட வேண்டியதில்லை.

சாமி படத்தைப் பார்த்தால் அசிங்கமான எண்ணம் வருகிறது என்று 13 வயது மகன் அழுகிறான். மந்திரித்துக் கயிறு கட்டினோம். குறையவில்லை.
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

அவன் கெட்ட பிள்ளை இல்லை. எதை மிகவும் மதிக்கிறானோ அதைப் பிடித்துத்தான் ஓசிடி ஆட்டும்; எண்ணம் பிடிக்காததால்தான் அழுகிறான். இதைக் கேட்டதும் முகம் சுளிக்காமல் இருந்தீர்களானால் பாதி வேலை முடிந்தது. வந்த எண்ணத்தை அழிக்க அவன் செய்யும் தோப்புக்கரணம், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது ஆகியவை கை கழுவுவதற்குச் சமமான சடங்குகள். சிகிச்சையும் அதே ஈ.ஆர்.பி.தான்.

செர்ட்ரலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடிமையாகிவிடுவாளா? தற்கொலை எண்ணம் வரும் என்கிறார்களே?
– ஒரு தாய், திருச்சி

அடிமைப்படுத்தும் மருந்தல்ல. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு வரும். ஓசிடிக்கு 6 வயதிலிருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. 6 முதல் 12 வயதில் தினம் 25 மி.கி., 13 வயது முதல் 50 மி.கி. என்று தொடங்கி, தேவைக்கேற்ப மெல்லக் கூட்டுவார்கள், உச்சம் 200. ஓசிடிக்கு மருந்து கேட்க 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் ‘இது கேக்கல’ என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

உங்கள் இரண்டாவது பயம் நியாயமானது. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளின் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து எடுத்த பிள்ளைகளில் 4 சதவீதமும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதமும் இருந்தது. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. ஆகவே முதல் சில வாரங்களும் அளவு கூட்டும் நாட்களும் கவனிக்க வேண்டியவை. தூங்காமல் பரபரப்பது, திடீர்க் கோபம், ‘நான் இருந்து என்ன’ போன்ற பேச்சு தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மாத்திரைப் பட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

எட்டு வயதுப் பையன். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தான், ஞாயிற்றுக்கிழமை முழு ஓசிடி. தொண்டை வலி வந்துபோய் சில வாரமாகிறது. தொடர்பு உண்டா?
– ஒரு தாய், நாகர்கோவில்

இருக்கலாம், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சடாரென்று ஓசிடியோ முகச் சுளிப்பு போன்ற அசைவுகளோ வரும் 50 பிள்ளைகளை, அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோ குழுவினர் 1998இல் விவரித்தார்கள். பாண்டாஸ் என்பது அதன் பெயர். சாதாரண ஓசிடி மெல்ல மெல்ல வரும். இது ஓரிரு நாளில் வரும். கூடவே அடிக்கடி சிறுநீர், கையெழுத்து கெடுவது, சாப்பிட மறுப்பது, அம்மாவை விட்டு நகராமலிருப்பது போன்றவை சேரும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதல் என்று வந்தால் சமீபத்தில் அந்தத் தொற்று வந்துபோனது என்று மட்டும் பொருள். நம் ஊரில் தொண்டைத் தொற்று சகஜம் என்பதால் நலமாக உள்ள பிள்ளைகளுக்கும் அது கூடியிருக்கும். அதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டாம். கைகால் தன்னிச்சையாகத் துள்ளினாலோ மூட்டு வீங்கினாலோ தாமதிக்காதீர்கள். ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அதற்கு இதய எக்கோ பார்ப்பதும், தேவைப்பட்டால் 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவதும் அவசியம்.

தனியாரிடம் போக வசதியில்லை. எங்கே போவது? சரியான சிகிச்சைதான் தருகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தந்தை, தருமபுரி

14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும், ஓசிடிக்கெனத் தனிப் பிரிவுள்ள பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் அடுத்த கட்டம். பார்ப்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘ஈ.ஆர்.பி. செய்வீர்களா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவீர்களா?’ மூச்சுப்பயிற்சியும் அறிவுரையும் மட்டும் என்றால் வேறு இடம் பாருங்கள்.

மகள் ஒரு வருடமாக நன்றாக இருக்கிறாள். மாத்திரையை நிறுத்தலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

கேட்கும் நேரம் சரிதான். தேறிய பின் 6 முதல் 12 மாதம் நிலையாக இருந்தால், மருத்துவர் மெல்லக் குறைக்கத் தொடங்குவார். பல வாரங்களாக, படிப்படியாக. அரையாண்டுத் தேர்வுக்கோ பொதுத் தேர்வுக்கோ நெருக்கத்தில் வேண்டாம். கோடை விடுமுறை ஏற்ற காலம். அதற்கு முன், பழைய ஏணியை எடுத்து இரண்டு மூன்று படிகளை மறுபடி ஒரு சுற்று செய்யச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் ஒரு சந்திப்பை இப்போதே குறித்து வையுங்கள். திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் புது வகுப்பு, புது ஆசிரியர் என்ற அந்த நாட்களில்தான் தலைகாட்டும். சி-ஒய்பாக்ஸ் எண் ஏறியிருந்தால் பழைய அளவுக்கே போய்விடலாம்.